இரண்டு வாரக் குஞ்சைக் கூட்டிலிருந்து எடுக்கலாமா?

தினைக்கதிர்:
என் காக்டீல் (கொண்டை வைத்த சிறு கிளி) ஜோடி ஐந்து முட்டை இட்டது, மூன்று பொரிந்தன. மூத்த குஞ்சுக்கு 12 நாள், கடைசிக்கு 7. மூன்றையும் வாங்கவிருப்பவர், இரண்டு வாரத்தில் கூட்டிலிருந்து எடுத்துக் கையால் ஊட்டி வளர்த்துத் தரும்படி கேட்கிறார். எடுக்கலாமா?

மொட்டைமாடி:
தாராளமாக எடுங்கள். கண் திறந்து பயம் ஊறுவதற்குள் நம் கைக்கு வந்த குஞ்சுதான் தோளில் வந்து உட்காரும். தாய் தகப்பன் வளர்த்தது கையைக் கண்டால் சீறும், கடிக்கும். இரண்டே மாதத்தில் வாங்கியவர் அந்தக் கூண்டை மூலையில் வைத்துவிடுவார். அது பறவைக்கு நல்லதா?

கொண்டைக்கிளி:
கடுமையாக மறுக்கிறேன். ஒரு கடையில் வாங்கிய மூன்று வாரக் குஞ்சை என் கையிலேயே இழந்தேன். கூழைச் சூடாகக் கொடுத்துவிட்டேன், தீனிப்பை (கழுத்தடியில் இரை தங்கும் பை) வெந்துவிட்டது. கூழ் 40 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும். 43-ஐத் தாண்டினால் உள்ளே சுடும். ஆறிப்போனால் செரிக்காமல் தீனிப்பையிலேயே தங்கிப் புளிக்கும். விரலால் தொட்டுப் பார்த்துக் கணிக்கக்கூடிய சூடு அல்ல இது.

மொட்டைமாடி:
வெப்பமானி கட்டாயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாப் பெற்றோரும் நல்ல பெற்றோர் இல்லை. முட்டை ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது, குஞ்சும் அப்படியே முன்பின்னாகப் பொரிகிறது. கடைசிக் குஞ்சு அண்ணன்மார் காலடியில் நசுங்கிச் சாவதை நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! சில ஜோடிகள் அடுத்த ஈட்டுக்கு, அதாவது அடுத்த தொகுதி முட்டைக்கு, அவசரப்பட்டுக் குஞ்சின் இறகையே பிடுங்கும்.

கொண்டைக்கிளி:
அந்தக் குஞ்சை எடுங்கள், அது காப்பாற்றுவது. நன்றாக ஊட்டும் பெற்றோரிடமிருந்து மூன்றையும் பறிப்பது வேறு. பகலில் பெரும்பாலும் ஆணும் இரவில் பெண்ணுமாக மாறி மாறி மூன்று வாரம் அடைகாத்த ஜோடி அது, நண்பரே. கூடு காலியானால் பெட்டை சீக்கிரமே மறுபடி முட்டையிடத் தொடங்கும். சுண்ணாம்புச் சத்து வற்றி, முட்டை உள்ளேயே சிக்கிச் செத்துப்போகும் பெட்டைகளை யார் கணக்கில் எழுதுகிறோம்? ஆண்டுக்கு இரண்டு ஈடு போதும்.

பழகவும் வழி இருக்கிறது. இரண்டு வாரம் ஆனதும் தினம் இரண்டு முறை, பத்துப் பத்து நிமிடம் குஞ்சைக் கையில் வைத்திருந்துவிட்டுத் திரும்பக் கூட்டில் விடுங்கள். என் வீட்டில் இப்படி வளர்ந்த நான்கும் கூப்பிட்டால் வருகின்றன.

மொட்டைமாடி:
வீட்டில் ஆள் இருந்தால் நடக்கும். வேலைக்குப் போகிறவர் தினம் இரண்டு வேளை தவறாமல் செய்வாரா?

கொண்டைக்கிளி:
அதற்கே நேரமில்லாதவர் இரண்டு வாரக் குஞ்சுக்கு நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படிக் கூழ் ஊட்டுவார், ஐயா?

மொட்டைமாடி:
அது சரிதான். ஆனாலும் கடைசிக் குஞ்சின் தீனிப்பையைக் காலையிலும் மாலையிலும் பார்க்கச் சொல்லுங்கள். மாலையில் காலியாக இருந்தால் காத்திருக்கக் கூடாது.

தினைக்கதிர்:
இன்று மாலை பார்த்தேன். மூத்தவை இரண்டுக்கும் தீனிப்பை நிறைந்திருக்கிறது, கடைசிக்குப் பாதிதான். அதற்கு மட்டும் கூட்டில் வைத்தபடியே இரண்டு வேளை துணைக்கு ஊட்டப்போகிறேன், வெப்பமானி வாங்கிவிட்டேன். பெட்டையின் சுண்ணாம்புச் சத்துக்குக் கடல் நுரையும் (கணவாய் ஓடு) புதிதாகத் தொங்கவிட்டிருக்கிறேன். தானாகத் தின்னப் பழகப் பத்து வாரம் ஆகலாம், அதன் பிறகு வாருங்கள் என்று வாங்கவிருந்தவரிடம் சொன்னேன். வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.