பெங்களூரு – சான் பிரான்சிஸ்கோ: போக ஒரு நேரம், வர ஒரு நேரம்?

கொங்குநாட்டான்:
நேர்விமானத்தில் போய் வந்தவர்கள் சொல்லுங்கள். தூரம் கிட்டத்தட்ட 14,000 கி.மீ. போகும்போது கிழக்கே, பசிபிக் வழியாகப் பதினாறு மணி நேரத்துக்குள் இறக்கிவிட்டார்கள். திரும்பும்போது பதினேழு தாண்டியும் வந்தபாடில்லை. முன்சீட்டுத் திரையில் வேகம் மணிக்கு 790 என்று நிற்கிறது. போகையில் 1,000-ஐத் தொட்டதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து சீட்டுப் பெரியவர், "டிரைவர் டீசல் மிச்சம் பண்றாராட்ட இருக்குதுங்க தம்பி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, பதில் வரவில்லை.

ராத்திரிப்பயணி:
இதில் என்ன அதிசயம்? பூமி கிழக்கே சுற்றுகிறது. அந்தப் பக்கமே பறந்தால் சீக்கிரம் போய்விடலாம்.

ஓடுபாதை:
இல்லை சார். காற்றும் பூமியோடு சேர்ந்தேதான் சுற்றுகிறது. இல்லாவிட்டால் கிளையை விட்டுப் பறந்த காக்காய்க்குத் திரும்ப மரம் கிடைக்காது. காரணம் ஜெட் ஸ்ட்ரீம், அதாவது வானத்தில் ஆறு மாதிரி ஓடும் வேகக் காற்று. பத்து கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும். குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.க்கு மேல்கூடப் போகும். கிழக்கே போகிற விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளும், மேற்கே வருவதை எதிர்த்து நிற்கும். 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை மேற்கே போகும் அட்லாண்டிக் வழியிலிருந்து கிழக்கே போகும் பசிபிக் வழிக்கு மாற்றியது. தூரம் சுமார் 13,900-லிருந்து 15,300 கி.மீ. ஆனது. நேரமோ ஏறக்குறைய இரண்டு மணி குறைந்து, பதினாலரை மணியில் போய்ச் சேர்ந்தது. தூரத்தை விமான வேகம் 900 என்று வகுத்துப் பார்த்து ஏர்போர்ட்டுக்குக் கார் அனுப்புகிறவர்கள் கவனிக்கவும்.

சேலத்துக்காரி:
காற்றை விடுங்கள். போன ஜனவரியில் அம்மா அங்கே சனிக்கிழமை ராத்திரி ஏறி, இங்கே திங்கள் விடிவதற்குள் இறங்கினார். கிழமை போட்ட மாத்திரை டப்பா கையில். கிருஷ்ணகிரி டோல்கேட்டில் வண்டி நின்றபோது திறந்து பார்க்கிறார், ஞாயிறு அறையில் மாத்திரை அப்படியே இருக்கிறது. "ஞாயித்துக்கிழமை எங்கடி போச்சு?" பதினேழரை மணிப் பயணம், பதின்மூன்றரை மணி நேர வித்தியாசம் என்று விளக்கினேன். "கணக்கெல்லாம் சரி. இப்ப இதைப் போடறதா, திங்கக்கிழமையைப் போடறதா?" பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார், எனக்கு வாயே திறக்கவில்லை.

மருந்துப்பெட்டி:
என் மாமனாருக்கும் இப்படித்தான் ஆனது. கிழமை டப்பாவே கூடாது அக்கா. கைக்கடிகாரத்தைப் புறப்பட்ட ஊர் நேரத்திலேயே விட்டுவிட்டு, கடைசி மாத்திரைக்கு அப்புறம் எத்தனை மணி ஆயிற்று என்று எண்ணச் சொல்லுங்கள். இன்சுலின் என்றால் டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குவதுதான் நல்லது. மாத்திரையும் டாக்டர் எழுதிய சீட்டும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போட்டால் நடுவானில் எடுக்க முடியாது. வீல்சேர் டிக்கெட் போடும்போதே கேளுங்கள். நடைபாதை ஓரச் சீட்டு. அடிக்கடி எழுந்து நடக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும். காபி வேண்டாம். அப்புறம் தயிர்சாதம்…

சேலத்துக்காரி:
அம்மா காபி இல்லாமல் விமானமே ஏற மாட்டார் தம்பி.

ராத்திரிப்பயணி:
ஓடுபாதை சார், காக்காய் சரி. அந்த ஜெட் ஸ்ட்ரீம் ஏன் கிழக்குப் பக்கமாகவே வீசுகிறது? பூமி சுற்றுவதால்தானே?