‘கிளர்ச்சி எதிர்ப்பு’ என்ற சொல்லை மாற்றுவோம்: கலைச்சொல் விவாதம்

மட்டக்களப்பிலிருந்து:

அன்பின் நண்பர்களுக்கு,

படைத்துறைச் சொற்பட்டியலில் ‘கவுன்டர் இன்சேர்ஜென்சி’க்கு, அதாவது ஆயுதக் கிளர்ச்சிக்கு எதிராக அரசு நடத்தும் போர்முறைக்கு, ‘கிளர்ச்சி எதிர்ப்பு’ என்று போட்டிருக்கிறோம். இதை மாற்ற வேண்டும். ‘எதிர்ப்பு’ என்றால் ஆயுததாரி ஒரு பக்கம், படை மறுபக்கம் என்று மட்டும் விளங்கும். ஆனால் இந்த முறையில் கை முதலில் விழுவது ஊர்ச்சனத்தின் மேல்தான்.

மலாயாவை (இன்றைய மலேசியத் தீபகற்பம்) பாருங்கள். காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாளருக்கு எதிராகப் பிரித்தானியர் 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தில் ஏறத்தாழ 5 இலட்சம் பேரை, பெரும்பாலும் சீனக் குடியேறிகளை, முள்வேலி அடைத்த ‘புதிய கிராமங்களுக்கு’ மாற்றினார்கள். 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் அடையாள அட்டை. காட்டுக்குள் சோறு போகாதபடி சில கிராமங்களில் அரிசியைப் பொதுச் சமையலறையில் அவித்தே கொடுத்தார்கள். அவிக்காத அரிசி மாதக்கணக்கில் கிடக்கும். சோறு அந்த வெக்கையில் ஒரு நாள் தாங்காது. கடைக்காரர் தகரப்பேணியை விற்கும்போதே துளையிட்டுக் கொடுக்க வேண்டும். இதில் ஒரு துவக்குச் சத்தமும் இல்லை, ஆனால் முழுக்க இதுதான் அந்தப் போர்முறை.

என் முன்மொழிவு: ‘கிளர்ச்சி முறியடிப்பு’.

கல்முனையிலிருந்து:

சேர், காரணம் சரி, சொல் சரியில்லை. ‘முறியடிப்பு’ நம் சனத்துக்குப் போர்ச் செய்திகளில் பழகின சொல். ‘முறியடிப்புச் சமர்’ என்றால் வந்த படையைத் திருப்பி அடித்தது. ஆண்டுக்கணக்கில் ஊருக்குள் நிலைகொண்டிருப்பதை அது சொல்லாது.

இன்னொரு சிக்கல் துணைச்சொற்களில் இருக்கிறது. சனத்தைக் கணக்கெடுத்து நடமாட்டத்தைப் பிடித்து வைத்திருப்பதற்கு ‘சனத்தொகைக் கட்டுப்பாடு’ என்று எழுதினால் குடும்பக் கட்டுப்பாடாகிவிடும். ‘குடிக் கட்டுப்பாடு’ என்றால் மட்டக்களப்பில் தாய்வழிக் குடி நினைவுக்கு வரும், மற்றவர்களுக்குச் சாராயம். ‘உணவு மறுப்பு’ உண்ணாவிரதம். நான் எழுதிப் பார்த்தது: ‘குடியிருப்பாளர் கட்டுப்பாடு’, ‘உணவு வழிமறிப்பு’. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போகும் துறைகளில் பற்றரி, சீமெந்து, யூரியா தடுக்கப்பட்டதைச் சனம் ‘பொருளாதாரத் தடை’ என்றே சொன்னது. அது நாடுகளுக்கிடையிலான தடைக்கும் பொருந்துகிற சொல் என்பதால் ‘பொருள் வழிமறிப்பு’ என்று தனியாகப் பிரிக்கலாம்.

‘சுற்றிவளைப்பு’க்குப் புதுச்சொல் தேட வேண்டாம். வரைவிலக்கணத்தை மட்டும் முழுதாக எழுத வேண்டும். விடியுமுன் வெளிவளையம், பிறகு உள்வளையம், ஒலிபெருக்கியில் அழைத்து, ஆண்களைப் பாடசாலை வளவிலோ கோயில் வீதியிலோ வரிசையாக விடுதல், தலையசைத்து ஆளைக் காட்டிக்கொடுக்கும், முகத்தைச் சாக்கால் மூடிய தலையாட்டி முன்னால் நடத்தல், அதே நேரத்தில் வீடு வீடாகத் தேடுதல். இது பிழைக்கும் இடம் தலையாட்டி. அவர் பெரும்பாலும் தடுப்பில் இருப்பவர். ஆளைக் காட்டாவிட்டால் அவருக்கு அடி, ஆகவே தெரியாதவனுக்கும் தலை ஆடும். பிடிபட்டவனின் தம்பி அடுத்த மாதம் காட்டுக்குப் போவான். ‘தலையாட்டி’யைப் பேச்சுவழக்கு என்று ஒதுக்காமல் பட்டியலில் சேர்க்க வேண்டும். இதைவிடத் துல்லியமான சொல் எந்த மொழியிலும் இருக்காது.

முதன்மைச் சொல்லுக்கு ‘கிளர்ச்சியடக்கல்’ என்கிறேன்.

அக்கரைப்பற்றிலிருந்து:

‘அடக்கல்’ நல்லது. ஆனால் வீதி, மின்சாரம், தேர்தல் எல்லாம் அதற்குள் அடங்குமா? 2007இல் கிழக்கு முழுதும் படையிடம் வந்த கையோடு ‘கிழக்கின் உதயம்’ என்ற அரசின் அபிவிருத்தித் திட்டம் வந்தது. அபிவிருத்தி வேறு, அடக்கல் வேறு என்று ஒருவர் வாதிடலாம்.

மட்டக்களப்பிலிருந்து:

தம்பி, அந்த முறையை எழுதியவர்களே அவற்றைப் பிரிக்கவில்லை. 2006 டிசம்பரில் வந்த அமெரிக்கப் படைக் கைநூல் ‘அகற்றல், நிலைகொள்ளல், கட்டியெழுப்பல்’ என்று மூன்றையும் ஒரே நடவடிக்கையாகவே வைக்கிறது. அதே நூல் 1,000 குடியிருப்பாளருக்கு 20 பாதுகாப்பு ஆட்கள் என்று குறைந்தபட்சக் கணக்குச் சொல்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மட்டக்களப்பு மாவட்டத்தில் ஏறத்தாழ 5,26,000 பேர். ஆகவே 10,500 பேர் வேண்டும். உள்ளூர்ப் பொலிசும் துணைப்படையும் அந்த எண்ணுக்குள் சேரும். ஊர்காவல் படை ஏன் உருவாகிறது என்பது இந்தக் கணக்கில் பாதி விளங்கும்: மலிவாக எண்ணை நிரப்பலாம். அயலூர் இரண்டில் ஒன்றுக்கு மட்டும் துவக்குக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை அம்பாறை எல்லைக் கிராமங்களுக்கு நாம் சொல்லித்தரத் தேவையில்லை.

‘சொந்த நாட்டுக்குள்’ என்ற பொருளும் வரைவிலக்கணத்தில் வர வேண்டும். அமெரிக்கப் புலனாய்வுப் பணியகம் (எஃப்.பி.ஐ.) 1956 முதல் 1971 வரை சொந்தக் குடிமக்களின் அமைப்புகளுக்குள் ஊடுருவி அவற்றைக் குலைத்தது. வட அயர்லாந்தில் 1971 ஓகஸ்டில் விசாரணையில்லாத் தடுப்புக்காவல் தொடங்கிய முதல் நாளே பிரித்தானியப் படை 340 பேருக்கு மேல் பிடித்தது. பட்டியல் பழையது, பலர் சம்பந்தமில்லாதவர்கள், வன்முறை கூடியது. நம் பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிகமாக வந்து 1982இல் நிரந்தரமானது. 18 மாதத் தடுப்புக்காவல் 12 ஆகக் குறைந்ததே 2022இல்தான். தமிழருக்கு எதிராக வந்த சட்டம் 1987–89இல் தெற்கின் சிங்கள இளைஞர் மேலும், 2019இல் முஸ்லிம்கள் மேலும் பாய்ந்தது.

ஆகவே பதிவு இப்படி: ‘கிளர்ச்சியடக்கல்: ஆயுதக் கிளர்ச்சியிலிருந்து மக்களைப் பிரித்தெடுக்க அரசு படை, பொலிஸ், சட்டம், அபிவிருத்தி ஆகியவற்றை ஒருங்கே கையாளும் முறை, சொந்த நாட்டுக் குடிமக்கள் மேலும் கையாளப்படுவது.’ முறை முழுதையும் குறிக்க ‘கிளர்ச்சியடக்கல் மூலோபாயம்’. ‘தந்திரோபாயம்’ சுற்றிவளைப்பு போன்றவற்றுக்கு மட்டும். ‘முறியடிப்பு’ என்ற என் முன்மொழிவை நீக்கிவிடுங்கள்.

கல்முனையிலிருந்து:

சம்மதம் சேர். வரைவிலக்கணத்தில் ‘கிளர்ச்சி’க்கு முன் ‘அரசு அவ்வாறு கருதும்’ என்று சேர்த்துவிடுங்கள். நம் வாசகரில் பலருக்கு அது போராட்டம். ‘மனங்கவர்தல்’ (சனத்தின் மனதை வெல்லல்) பதிவை, 1952இல் தொடங்கிய பிரித்தானிய உயர் ஆணையர் டெம்ப்ளரின் மலாயா ஆட்சியோடு எழுதி அனுப்புகிறேன்.