ஓஎஃப்டிஎம் சேனல் மதிப்பீடு: சிமுலேஷனில் முந்தும் எம்எம்எஸ்இ, ஆய்வகத்தில் எல்எஸ் முறையிடம் தோற்பது ஏன்?

ஆய்வு மாணவி:

அனைவருக்கும் வணக்கம். தரவைப் பல குறுகிய அதிர்வெண் பட்டைகளில் பிரித்து ஒரே நேரத்தில் அனுப்பும் ஓஎஃப்டிஎம் முறையில் சேனல் மதிப்பீடு (சிக்னல் வரும் வழியில் எவ்வாறு மாறுகிறது என்று கணிப்பது) குறித்து ஆய்வு செய்து வருகிறேன். 64 சப்கேரியர்கள் (அந்தக் குறுகிய பட்டைகள்), 16 சாம்பிள் நீளமுள்ள சைக்ளிக் பிரிஃபிக்ஸ் (குறியீட்டின் கடைசிப் பகுதியை அதன் முன்னே சேர்க்கும் காப்பு இடைவெளி), ஒரு சாம்பிள் இடைவெளியில் அடுத்தடுத்து வரும் 8 தடங்கள் கொண்ட ரேலி மாதிரி (சமவாய்ப்பாக மாறும் சேனலின் மாதிரி) ஆகியவற்றை வைத்துச் சிமுலேஷன் செய்தபோது, எல்எஸ் முறையைவிட (பெற்ற பைலட்டை அனுப்பிய பைலட்டால் வகுப்பது) எம்எம்எஸ்இ முறை (சேனல் பற்றிய முன்னறிவைக் கொண்டு சராசரி வர்க்கப் பிழையைக் குறைப்பது) எல்லா நிலைகளிலும் தெளிவாக முன்னிலை வகித்தது. அதே நிரலை இரண்டு மென்பொருள் வழி ரேடியோக்களில், 2.4 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், விநாடிக்கு 10 லட்சம் சாம்பிள் என்ற வேகத்தில் இயக்கினால் முடிவு தலைகீழாகிறது. பரப்பியின் ஆற்றலைக் கூட்டக் கூட்ட எல்எஸ் பிழை சீராகக் குறைந்து -30 டெசிபலை நெருங்குகிறது. எம்எம்எஸ்இ பிழையோ -19 டெசிபல் அளவில் வந்து நின்றுவிடுகிறது, அதற்குக் கீழே இறங்குவதே இல்லை.

இரண்டு ரேடியோக்களும் ஒரே அறையில் சில மீட்டர் இடைவெளியில் உள்ளன. இரு ரேடியோக்களுக்கிடையிலான அதிர்வெண் விலகலை ஷ்மிடல், காக்ஸ் ஆகியோர் 1997இல் வெளியிட்ட முறைப்படி திருத்திவிடுகிறேன். உண்மையான சேனல் தெரியாது என்பதால், ஒவ்வொரு ஃபிரேமின் தொடக்கத்திலும் வரும் 4 பைலட் குறியீடுகளின் (ஏற்பிக்கு முன்பே தெரிந்த குறியீடுகள்) எல்எஸ் மதிப்பீடுகளைச் சராசரியாக்கி, அதையே உண்மை எனக் கொண்டு, முதல் குறியீட்டிலிருந்து கிடைக்கும் மதிப்பீடுகளின் பிழையைக் கணக்கிடுகிறேன். சராசரிப் பிழையைக் குறைப்பதற்கென்றே வகுக்கப்பட்ட ஒரு முறை, எளிய வகுத்தலிடம் தோற்பது எந்த அனுமானம் உடைவதால் நிகழ்கிறது?

மதிப்பீட்டுக் கோட்பாடு படிப்பவர்:

ஆற்றலைக் கூட்டினாலும் குறையாத பிழை இரைச்சலால் வருவதன்று. மதிப்பீட்டு முறைக்குள்ளேயே ஒரு நிலையான சார்பு இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். உங்கள் கேள்வியிலேயே விடையின் பாதி இருக்கிறது.

எம்எம்எஸ்இ தானாக எதையும் அறிவதில்லை. நீங்கள் தரும் கோவேரியன்ஸ் அணியை (சப்கேரியர்களின் சேனல் மதிப்புகள் ஒன்றோடொன்று எவ்வாறு தொடர்புற்று மாறும் என்று சொல்லும் அணி) நம்பி, சேனல் இருக்கக்கூடிய திசைகளில் வந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை இரைச்சல் எனத் தள்ளிவிடுகிறது. 8 தட மாதிரியிலிருந்து எழுதிய அணி, 64 பரிமாண வெளியில் 8 பரிமாணம் கொண்ட ஒரு துணைவெளியை மட்டுமே அனுமதிக்கும். உண்மையான சேனலின் ஆற்றலில் வெறும் 1 விழுக்காடு அந்தத் துணைவெளிக்கு வெளியே இருந்தாலும், அந்த ஆற்றல் அழிக்கப்பட்டு -20 டெசிபல் பிழையாக நிலைத்துவிடும். இரைச்சல் -10 டெசிபலில் இருக்கும்போது இதை யாரும் கவனிக்கமாட்டார்கள். இரைச்சல் -30 டெசிபலுக்கு இறங்கியதும் அதுதான் மிகப் பெரிய பிழை. தவறான முன்னறிவு, இரைச்சல் குறைவான நிலையில்தான் அதிகம் தண்டிக்கும் என்பதைப் பாடநூல் வரைபடங்கள் காட்டுவதில்லை. ஏனெனில் அவற்றில் சேனலை உருவாக்கும் அணியும் மதிப்பிடும் அணியும் ஒன்றே.

உங்கள் அறைக்கு அந்த 8 தட மாதிரி எவ்விதத்திலும் பொருந்தாது. உங்கள் சாம்பிள் இடைவெளி 1 மைக்ரோ விநாடி. அந்த நேரத்தில் ரேடியோ அலை 300 மீட்டர் கடந்துவிடும். அறையின் சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் எல்லாம் அதைவிட மிகக் குறைந்த தாமதத்திலேயே வந்து சேர்வதால், உங்கள் சேனல் ஏறக்குறைய ஒற்றைத் தடம்தான்.

ஒப்பீட்டு முறையிலும் ஒரு குறை உண்டு. சராசரியில் முதல் குறியீடும் அடங்கியிருப்பதால், அதன் இரைச்சலில் கால் பங்கு ஒப்பீட்டு மதிப்புக்குள் புகுந்துவிடுகிறது. இரைச்சல் ஆற்றலை 1 என்று கொண்டால், எல்எஸ் பிழை 0.75 ஆகச் சிறுத்துக் காட்டும். முற்றிலும் சரியான மதிப்பீட்டுக்குக்கூட 0.25 பிழை இருப்பதாகக் கணக்கு சொல்லும். அதாவது, எவ்வளவு சிறந்த முறையாக இருந்தாலும் எல்எஸ் முறையைவிட 4.8 டெசிபல் மேம்பாட்டுக்கு மேல் உங்கள் வரைபடத்தில் தெரியவே வாய்ப்பில்லை. சோதிக்கும் குறியீட்டைச் சராசரியிலிருந்து விலக்கிவிடுங்கள்.

ஏற்பி வன்பொருளில் பணிபுரிபவர்:

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் சேனல் ஒற்றைத் தடம் என்றால், அந்தத் தடம் 8 தடங்களுக்குள் எங்கிருந்தாலும் எம்எம்எஸ்இ அதைப் பெரிய இழப்பின்றிப் பிடித்திருக்க வேண்டுமே என்ற ஐயம் எழும். காரணம், தாமதம் முழு சாம்பிள்களில் அமைவதில்லை. ஏற்பி ஒரு குறியீட்டின் தொடக்கத்தைக் கண்டறியும்போது கால் சாம்பிள், அரை சாம்பிள் என ஒரு பின்ன விலகல் மிஞ்சும். அப்போது ஒற்றைத் தடத்தின் ஆற்றல் அடுத்தடுத்த தடங்களுக்கு இருபுறமும் கசிந்து, ஒரு பகுதி 8 தட எல்லைக்கு வெளியே போய்விடும். இதனுடன் ரேடியோவின் உள்ளேயுள்ள வடிகட்டிகளும் பட்டையின் ஓரங்களில் சிக்னலைத் தணிக்கின்றன. நீங்கள் அளக்கும் சேனலில் காற்றுவெளி மட்டுமன்றி இவை அனைத்தும் அடக்கம்.

தொடக்கம் பிரிஃபிக்ஸுக்குள் 10 சாம்பிள் முன்னதாக விழுந்திருந்தால் தடம் முழுவதுமே எல்லைக்கு வெளியே போயிருக்கும். அப்போது பிழை -19 டெசிபலுக்குக்கூட இறங்கியிருக்காது. ஆகவே உங்களுக்கு நேர்ந்திருப்பது பின்னக் கசிவுதான் என்று கருதுகிறேன்.

அதிர்வெண் விலகலையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். 2.4 கிகாஹெர்ட்ஸில் 10 லட்சத்தில் 2 பங்கு பிழையுள்ள ஆசிலேட்டர் (ரேடியோவின் அதிர்வெண்ணை உருவாக்கும் சுற்று) 4.8 கிலோஹெர்ட்ஸ் விலகும். உங்கள் சப்கேரியர் இடைவெளியே 15.6 கிலோஹெர்ட்ஸ்தான் என்பதால் திருத்தம் கட்டாயம் தேவை. திருத்திய பிறகு இடைவெளியில் 1 விழுக்காடு மிஞ்சினாலும், அடுத்தடுத்த குறியீடுகளுக்கிடையே கட்டக் கோணம் (ஃபேஸ்) 4.5 பாகை திரும்பும். 4 குறியீடுகளின் சராசரியோடு முதல் குறியீட்டை ஒப்பிட்டால் அதுவே -19 டெசிபல் அளவில் பிழை காட்டும். எண் பொருந்துவதைக் கண்டு முதலில் இதையே சந்தேகித்தேன். ஆனால் அவ்வாறு நிகழ்ந்திருந்தால் எல்எஸ் பிழையும் அங்கேயே நின்றிருக்கும். அது -30 வரை இறங்குவதால் உங்கள் திருத்தம் சரியாகவே இயங்குகிறது.

ஆய்வு மாணவி:

இருவருக்கும் மிக்க நன்றி. எல்எஸ் மதிப்பீட்டை நேரத் தளத்துக்கு மாற்றிப் பார்த்தேன். பெரிய தடம் ஒன்றும், அதன் இருபுறமும் மெல்லத் தேயும் வால்களும் தெரிகின்றன. பூச்சியத்துக்கு முந்தைய தாமதமாகக் கொள்ள வேண்டிய கடைசித் தடங்களிலும் ஆற்றல் இருக்கிறது. இனி கோவேரியன்ஸ் அணியை அளவீடுகளிலிருந்தே கணக்கிடுவது சரியாகுமா?

மதிப்பீட்டுக் கோட்பாடு படிப்பவர்:

ஆகும், ஆனால் ரேடியோக்களை அசைக்காமல் நூற்றுக்கணக்கான ஃபிரேம்களைச் சேர்த்தாலும் அவை ஒரே சேனலின் பிரதிகள்தாம். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர், ஆண்டெனாவை ஒவ்வொரு முறையும் அரை அலைநீளத்துக்கு மேல் நகர்த்தி அளந்தால்தான் புதிய மாதிரி கிடைக்கும். 64 வரிசைகள் கொண்ட அணிக்கு அவ்வாறு எத்தனை இடங்கள் தேவைப்படும் என்று எண்ணினால், இது முதல் வழியாக இருக்க வேண்டியதில்லை என்பது புரியும்.

லீ, சிமினி, சோலன்பெர்கர் ஆகியோர் 1998இல் காட்டிய வழியை முதலில் முயலுங்கள். தாமத ஆற்றல் எப்படிப் பரவியுள்ளது என்று ஊகிக்காமல், ஓர் எல்லைக்குள் சமமாகப் பரவியிருப்பதாகக் கொண்டு வடிவமைத்தால், உண்மைப் பரவல் மாறுபட்டாலும் இழப்பு சிறிதாகவே இருக்கும். அந்த எல்லையைப் பூச்சியத்துக்குச் சில சாம்பிள்கள் முன்பிருந்தே தொடங்குங்கள். பின்னத் தாமதத்தால் சப்கேரியர்களில் தெரியும் நேர்கோட்டுக் கட்டச் சாய்வை முன்னதாகவே நீக்கிவிட்டால் கசிவும் பெருமளவு குறையும்.

சராசரிப் பிழையோடு நிறுத்தாமல், தரவுக் குறியீடுகளின் பிட் பிழை வீதத்தையும் அளக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பைலட்டும் தரவும் சம ஆற்றலில் இருக்கும்போது, எல்எஸ் மதிப்பீட்டின் இரைச்சல் தரவின் இரைச்சலோடு சேர்ந்து அதை இரட்டிப்பாக்குகிறது. முழுமையான மதிப்பீடு அந்த இரட்டிப்பை மட்டுமே நீக்க முடியும். எனவே மதிப்பீட்டுப் பிழையில் 15 டெசிபல் லாபம் கிடைத்தாலும், தரவில் கிடைப்பது 3 டெசிபலுக்குள்தான். சிக்னல்-இரைச்சல் விகிதம் 5 முதல் 15 டெசிபல் வரை அமையுமாறு பரப்பியின் ஆற்றலைக் குறைத்து அளந்து பாருங்கள். அந்த 3 டெசிபல் பயன்படும் இடம் அதுதான்.