ட்யூட்டர் பில்லும் பத்து நாள் கணக்கும்

வரிப்புலி: அமெரிக்கப் பெற்றோருக்கான பக்கத்துத் திரியில் கோபு சார் அள்ளி விட்டிருக்கார்: "ஐ.இ.பி.யில் (சிறப்புக் கல்வி தேவைப்படற பிள்ளைக்கு ஸ்கூல் போடற தனித் திட்டம்) ட்யூட்டரிங் தரலேன்னா நீங்களே ஆள் வெச்சுக்குங்க. பத்து நாள் முன்னாடி ஒரு ஈமெயில் போட்டா போதும், ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் பணம் தந்தே ஆகணும்." பத்து நாள் இல்லை சாமி, பத்து வேலை நாள்! 'தந்தே ஆகணும்'னும் இல்லை. சுப்ரீம் கோர்ட்டோட 1985 பர்லிங்டன் தீர்ப்பே, தகராறுக்கு முடிவு வர்றதுக்குள்ள நீங்களா பிள்ளையை வேற ஸ்கூலுக்கு மாத்தினா செலவு உங்க ரிஸ்க்னு சொல்லுது.

கோடம்பாக்கம்_கோபு: வந்துட்டாருய்யா பஞ்சாங்கக்காரர். பத்துன்னா பத்துதான்.

வரிப்புலி: எண்ணிக் காட்டறேன். 2025 நவம்பர் 17 திங்கள் லெட்டர் கொடுத்தாச்சு. 18-லேர்ந்து 21 வரை நாலு. 24, 25, 26 சேர்த்து ஏழு. 27 தேங்க்ஸ்கிவிங், ஆனா இந்தப் பத்துல வாரநாள் விடுமுறையும் சேர்த்தி, எட்டு. 28 ஒன்பது, டிசம்பர் 1 பத்து. உங்க கணக்குல 27-ஆம் தேதியே முடிஞ்சுடுது. ட்யூட்டரை அப்பவே ஆரம்பிச்சா பணத்தைக் குறைக்கலாம், மொத்தமா மறுக்கவும் செய்யலாம்.

ரெண்டாம்_டிகாஷன்: ரெண்டு பேரும் ஒரு நிமிஷம். அமெரிக்கச் சிறப்புக் கல்விச் சட்டத்துல இந்தப் பத்து நாளைச் சொல்ற பிரிவு தனியார் ஸ்கூல்ல சேர்க்கறதைப் பத்தி. ட்யூட்டர்ங்கற வார்த்தையே அதுல இல்லை. வக்கீல்கள் பாதுகாப்புக்காகத்தான் ட்யூட்டருக்கும் அதே லெட்டரைக் கொடுக்கச் சொல்றாங்க.

கோடம்பாக்கம்_கோபு: பார்த்தீங்களா? அப்போ நோட்டீஸே வேண்டாம்!

வரிப்புலி: அக்கா அப்படியா சொன்னாங்க? வேலை நாள், வேலை நாள், வேலை நாள். லெட்டர்லயும் "ட்யூட்டர் வெக்கப் போறோம்"னு மொட்டையா எழுதினா ஆகாது. நீங்க தர்ற திட்டத்தை ஏத்துக்கலை, குறை இன்னது, பொதுச் செலவுல, அதாவது டிஸ்ட்ரிக்ட் பணத்துல, வெளியே போறோம். மூணும் வேணும். அதுக்கு முன்னாடி, ட்யூட்டரிங்கை ஏன் மறுக்கறாங்கன்னு ஸ்கூல்கிட்ட எழுத்துல வாங்குங்க.

சும்மா_பார்க்க_வந்தேன்: ட்யூட்டருக்கு ஸ்டேட் சர்டிஃபிகேட் வேணுமா?

கோடம்பாக்கம்_கோபு: கட்டாயம்.

வரிப்புலி: இதுலயும் தப்பு. 1993 கார்ட்டர் வழக்குல ஸ்டேட் அங்கீகாரம் இல்லாத ஸ்கூலுக்கே பணம் கிடைச்சது. சர்டிஃபிகேட்டை விட லாக், அதாவது ட்யூட்டர் தினமும் எழுதற பாடக் குறிப்புதான் முக்கியம். "இன்னிக்கு நல்லா படிச்சான்"னு எழுதினா குப்பை. "இலக்கு 2, மாலை 4:00–4:45, நிமிஷத்துக்கு 38 சொல் சரி, 6 தப்பு"ன்னு தேதி போட்டு இருக்கணும்.

கோடம்பாக்கம்_கோபு: போன மாசம் 504 (ஊனமுற்ற பிள்ளைங்களுக்குப் பாகுபாடு காட்டக் கூடாதுங்கற வேற சட்டப் பிரிவு) திரியில வாங்கின அடி இன்னும் ஆறலை போல. அந்தக் கடுப்பை ஏன் இங்க காட்டறீங்க?

வரிப்புலி: அங்கேயும் 504-ஐயும் ஐ.இ.பி.யையும் குழப்பினது யாரு?

ரெண்டாம்_டிகாஷன்: சட்டத்துல மூணு விதமான நாள் இருக்கு. வெறும் 'நாள்'னா காலண்டர் நாள். 'ஸ்கூல் நாள்'னா பிள்ளைங்க பாடத்துக்கு வர்ற நாள், அரை நாள் ஆனாலும் சேர்த்தி. 'வேலை நாள்' பொதுவா திங்கள்–வெள்ளி, ஃபெடரல், ஸ்டேட் விடுமுறை தவிர. ஆனா இந்தப் பத்து நாள் நோட்டீஸுக்கு மட்டும் வாரநாள்ல வர்ற விடுமுறையும் சேர்த்தி. அதனால ஸ்டேட் 28-ஐ விடுமுறைன்னு வெச்சிருந்தாலும் புலி சாரோட பத்து டிசம்பர் 1-தான்.

கோடம்பாக்கம்_கோபு: ஹஹ்ஹா! விடுமுறையையும் சேர்த்தா அப்புறம் என்ன வேலை நாள்?

வரிப்புலி: சனி, ஞாயிறு சேராதே! விடுமுறையைச் சேர்த்தாலும் உங்க 27 தப்புதான்.

சும்மா_பார்க்க_வந்தேன்: ட்யூ ப்ராசஸ் (அதிகாரி முன்னாடி நடக்கற விசாரணை) இல்லாம ஸ்டேட் கல்வித் துறைக்குக் கம்ப்ளெயின்ட் போட்டா வக்கீல் வேண்டாமாமே? ஒரு வருஷத்துக்குள்ள நடந்த மீறலா இருக்கணுமாம், 60 நாள்ல பதில் வருமாம்.

கோடம்பாக்கம்_கோபு: 60 வேலை நாளான்னு புலியைக் கேளுங்க.

வரிப்புலி: அது காலண்டர் நாள். உங்க பத்து மட்டும் வேலை நாள். திரும்ப எண்ணட்டுமா? 18, 19, 20…