பெல்ட்டும் பவுச்சும்: பிஸ்டல் போட்டிக்குப் போனவர்கள் சொல்லும் கதைகள்

ஹூஸ்டனிலிருந்து, தொடக்கப் பதிவு

என் முதல் யுஎஸ்பிஎஸ்ஏ (அமெரிக்காவில் ஓடியபடி சுடும் பிஸ்டல் போட்டிகளை நடத்தும் சங்கம்) போட்டிக்கு நான் போட்டுக்கொண்டு போனது அலுவலகத்துக்குப் போடும் தோல் பெல்ட். துப்பாக்கிக்கும் ஒளிக்குறிக்கும் (குறி பார்க்க மேலே மாட்டும் ஒளிப்புள்ளிக் கருவி) கணக்குப் பார்க்காமல் செலவழித்துவிட்டு, இடுப்பில் கட்டுவதற்கு வீட்டில் இருந்ததே போதும் என்று நினைத்தேன். பவுச் என்று வாங்கியது மலிவான பிளாஸ்டிக் ஜோடிகள் இரண்டு. மேகசினை, அதாவது தோட்டா நிரப்பும் கூட்டை, செருகிப் பார்த்தேன், நின்றது. வேறென்ன வேண்டும்?

எடையைக் கூட்டிப் பார்த்திருக்க வேண்டும். என்னுடையது சீஇசட் ஷேடோ 2 என்ற பிஸ்டல். வெறும் துப்பாக்கியே 1,330 கிராம். 17 தோட்டா நிரப்பிய இரும்பு மேகசின் ஒன்று ஏறக்குறைய 300 கிராம். நான்கு மேகசின்களோடு இரண்டரைக் கிலோ அந்தத் தோல் பட்டையில் தொங்கியது. பேன்ட் வளையங்களுக்கு நடுவில் பெல்ட் தொட்டில் சேலை மாதிரி தொய்ந்துவிட்டது.

இரண்டாவது ஸ்டேஜில் (போட்டியின் ஒரு சுற்று) ஓடிக்கொண்டே மேகசின் மாற்ற வேண்டிய இடம். இடக்கை மேகசினைப் பிடித்து இழுத்தது. மேகசின் வரவில்லை. பவுச்சோடு பெல்ட்டே விலா எலும்பு வரைக்கும் ஏறி வந்தது. இரண்டாம் முறை வெடுக்கென்று இழுத்ததில் மேகசின் கழன்று கையை விட்டுப் பறந்து, சரளைக் கல்லில் விழுந்தது. அடுத்ததை எடுக்கப் போனால், பெல்ட் நகர்ந்த நகர்வில் அது முதுகுப் பக்கம் போயிருந்தது. நான் என் முதுகையே தடவிக்கொண்டு நின்றதைப் பின்னால் இருந்தவர்கள் ரசித்தார்கள்.

வீட்டுக்கு வந்து பவுச்சைத்தான் திட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை. விலை கூடிய பவுச் வாங்கி அதே பெல்ட்டில் மாட்டினேன். அடுத்த மாதமும் அதே கூத்து. மூன்றாவது போட்டியில் ஒரு பெரியவர் தன் பெல்ட்டைக் கழற்றிக் கையில் கொடுத்தார் (துப்பாக்கியை அதற்கு முன்பே பைக்குள் வைத்துவிட்டார்). ஒரு முனையைப் பிடித்துக் கிடைமட்டமாக நீட்டினேன், பலகை போல நின்றது. அப்போதுதான் விளங்கியது.

அவர் வைத்திருந்தது இரட்டைப் பெல்ட். மெல்லிய உள்பெல்ட் பேன்ட் வளையங்களுக்குள் போகும். அதன் வெளிப்புறம் வெல்குரோவின் மென்மையான பக்கம். ஒன்றரை அங்குல அகலமுள்ள விறைப்பான வெளிபெல்ட்டின் உட்புறத்தில் சொரசொரப்பான பக்கம். மேலே வைத்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். வெளிபெல்ட் வளையங்களுக்குள் நுழையவே வேண்டாம் என்பதால் ஹோல்ஸ்டரும் (துப்பாக்கி உறை) பவுச்சும் அதிலேயே நிரந்தரமாக இருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை கை எங்கே போனதோ, இந்த ஞாயிற்றுக்கிழமையும் அங்கேதான் போகும். விறைப்பை விட எனக்கு இதுதான் பெரிய லாபம்.

பவுச்சின் பிடிமானத்துக்கு அந்தப் பெரியவர் சொன்ன சோதனையைத்தான் இன்றும் செய்கிறேன். நிரப்பிய மேகசின்களோடு பெல்ட்டைத் தலைகீழாகப் பிடித்து உலுக்க வேண்டும், ஒன்றும் விழக் கூடாது. பிறகு கட்டிக்கொண்டு ஒரு மேகசினை இழுக்க வேண்டும், பெல்ட் எழும்பக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ பவுச்சின் இறுக்கத் திருகு நிற்கும் இடம் இருக்கிறது. சுடும் ரேஞ்சில் செய்யுங்கள். வீட்டில் காலி மேகசினை வைத்து இறுக்கம் பார்த்தால் எல்லாம் நிற்பதுபோலத்தான் தெரியும். 17 தோட்டா என்பது 200 கிராம். ஓடும்போது அது தன் வேலையைக் காட்டும். இப்போது வீட்டுப் பயிற்சிக்கு மருந்தில்லாத போலித் தோட்டாக்களை நிரப்பிக்கொள்கிறேன். உண்மையான தோட்டா பயிற்சி செய்யும் அறைக்குள்ளேயே வராது.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

ரொறன்ரோவிலிருந்து

நாங்கள் துவக்கு, ரவை, ரவைக்கூடு என்று சொல்வதை நீங்கள் துப்பாக்கி, தோட்டா, மேகசின் என்கிறீர்கள். பரவாயில்லை, தொல்லை ஒன்றுதான்.

கனடாவில் கைத்துவக்கின் ரவைக்கூட்டில் பத்து ரவைக்கு மேல் போட முடியாது. ஐபிஎஸ்சியில் (இதே விளையாட்டின் சர்வதேச அமைப்பு) நீளமான ஸ்டேஜ் என்றால் 32 ரவை வரை போகும். கணக்கைப் பாருங்கள். துவக்கின் குழலுக்குள் ஒன்று, கூட்டில் பத்து, ஆக 11. இடுப்பிலிருந்து இன்னும் இரண்டு கூடுகள் எடுத்தால் 31. ஒரே ஒரு ரவைக்காக மூன்றாவது கூடு வேண்டும்! அதுவும் ஒரு குறிகூடத் தவறவிடாதவருக்கு. நான் அப்படிப்பட்டவன் இல்லை என்பதால் ஐந்து பவுச் கட்டுகிறேன். தெற்கே இருக்கிறவர்கள் மூன்று போதும், நான்கு போதும் என்று எழுதுவதை வாசித்துவிட்டு இங்கே யாரும் வாங்கிவிடாதீர்கள்.

ஐந்து பவுச்சுக்கு இடம் எங்கே? புரொடக்‌ஷன் (சாதாரணத் துவக்குகளுக்கான) பிரிவில் எல்லாமே இடுப்பெலும்பின் முன்விளிம்புக்குப் பின்னால் இருக்க வேண்டும். பெல்ட்டின் உட்புறத்திலிருந்து 50 மில்லிமீற்றருக்கு மேல் தள்ளியும் நிற்கக் கூடாது. என் ஐந்தாவது பவுச் ஏறத்தாழ முதுகெலும்பின் மேல் இருந்தது. கை அங்கே எட்டுவதற்குள் நேரக்கணிப்பான் ஓடிவிடும். அதனால் முதல் பவுச்சை மெல்ல மெல்ல முன்னுக்கு நகர்த்தினேன். ஒரு போட்டியில் ரேஞ்ச் அதிகாரி என் இடுப்பைப் பார்த்துவிட்டு, "இது எலும்புக்கு முன்னால் நிற்கிறது, இப்போதே சரிசெய்து கொள்ளும். இல்லாவிட்டால் ஓப்பன் பிரிவுக்குப் போக வேண்டி வரும்" என்றார். ஓப்பன் என்றால் ஒளிக்குறியும் கம்பென்சேட்டரும் (சுடும்போது குழல் எழும்புவதைக் குறைக்கும் துண்டு) வைத்த துவக்குகளோடு என் சாதாரணத் துவக்கு ஓட வேண்டும். அன்று தொடங்கும் முன்பே பார்த்ததால் தப்பித்தேன்.

பிறகு செய்தது இதுதான். பவுச்சுகளை நெருக்கி வைத்தேன், ஆனால் எல்லாவற்றையும் ஒரே சாய்வில் வைக்கவில்லை. முன்னால் இருப்பது ஏறக்குறைய நேராக, பின்னுக்குப் போகப் போகத் தலை முன்பக்கம் சாய்ந்து. கை பின்னால் போகும்போது மணிக்கட்டு இயல்பாக எப்படித் திரும்புகிறதோ அப்படி. ரவையின் மூக்கு முன்னோக்கி இருக்க வேண்டும். சுட்டுவிரல் கூட்டின் முன்பக்கத்தில் நீண்டு மேல் ரவையைத் தொட்டால் பிடி சரி. இதற்கு எனக்கு ஒரு குளிர்காலம் முழுக்கப் போனது.

பெல்ட்டைப் பற்றி இன்னொன்று. வெல்குரோ வசதி ஆளை ஏமாற்றும். எங்கள் அணியில் ஒருவர் கடைசி ஸ்டேஜ் முடிந்த களைப்பில், துவக்கு உறையில் இருக்கும்போதே பெல்ட்டை உரித்துக் காருக்குள் வைத்தார். உறைக்குள் இருந்தாலும், உடம்பிலிருந்து கழற்றுவது துவக்கைக் கையாளுவதாகவே விதியில் எழுதியிருக்கிறது. பாதுகாப்புப் பகுதிக்கு வெளியே செய்தால் தகுதிநீக்கம். நாள் முழுக்க அருமையாகச் சுட்டவர்.

இங்கே 2022 ஒக்டோபர் 21 முதல் எங்களைப் போன்றவர்கள் புதிதாகக் கைத்துவக்கு வாங்க முடியாது. அதனால் இருக்கிற துவக்குக்குப் பொருந்துகிற பவுச்சைத்தான் தேட வேண்டும், மறுவளமாக அல்ல.

ஃபீனிக்ஸிலிருந்து

அண்ணன்மார் இருவரும் நேரான இடுப்பை வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தொல்லை அங்கிருந்தே தொடங்கியது.

பெண்களுக்கான ஜீன்ஸில் பெல்ட் வளையங்கள் குறுகலானவை, அதுவும் தூரம் தூரமாக. ஒன்றரை அங்குல உள்பெல்ட் நுழையவில்லை. இரண்டு ஜீன்ஸ்களைத் தையற்காரரிடம் கொடுத்து அகலமான வளையங்களாகவும், பக்கவாட்டில் இரண்டு கூடுதலாகவும் வைத்துத் தைக்கச் சொன்னேன். எனக்காகச் செய்த செலவுகளில் மிகக் குறைந்ததும் மிகப் பயன்பட்டதும் அதுதான்.

அடுத்தது வளைவு. இடுப்பு அகன்று மேலே ஒடுங்குவதால், பெல்ட்டில் மாட்டிய பவுச்சின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து விலாவில் குத்தும். மேகசினுக்கும் உடம்புக்கும் நடுவில் விரல் நுழைய இடமே இருக்காது. விளம்பரப் படங்களில் நிற்கும் ஆண்களைப் பார்த்து அதே உயரத்தில் மாட்டியது என் தவறு. பவுச்சை அதன் மிக உயர்ந்த துளையில் மாட்டி, கீழே இறக்கினேன். பெல்ட்டுக்கும் பவுச்சுக்கும் நடுவில் கீழ்ப்பக்கமாக ஒரு ரப்பர் துண்டு வைத்தேன். மேல்பக்கம் வெளியே திரும்பிவிட்டது. அந்த ரப்பர், பழைய செருப்பிலிருந்து வெட்டியது. சிரிக்காதீர்கள், மூன்று ஆண்டுகளாக இருக்கிறது.

திருகுகளைப் பற்றி யாருமே சொல்லவில்லை. ஓட ஓட அதிர்ந்து தளர்ந்துவிடும். ஒரு போட்டியில் மண்டியிட்டு எழுந்தபோது இரண்டு மேகசின்கள் என்னைவிட்டுப் போய்விட்டன. இறுக்கத் திருகு எங்கேயோ மணலில். திருகுப்பசை போடலாம் என்றால், அந்தப் பசை சில வகைப் பிளாஸ்டிக்கை விரிசல் விட வைக்கும். நான் மரையில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைக்கிறேன். நிறம் கலைந்தால் திருகு நகர்ந்திருக்கிறது என்றும் தெரிந்துவிடும். சிவப்பு நல்லது.

ஹூஸ்டனிலிருந்து, மீண்டும்

செருப்பு ரப்பரைக் குறித்துக்கொண்டேன். என் பவுச்சுகள் இப்போது டபுள் ஆல்ஃபா கம்பெனியின் ரேசர் வகை. துண்டுகளை மாற்றி வெவ்வேறு மேகசின்களுக்கு ஏற்ப அமைக்க முடிகிறது என்பதற்காக எடுத்தேன். துப்பாக்கியை மாற்றினால் பவுச்சையும் தூக்கிப் போட வேண்டாம்.

பெல்ட் அளவு பற்றி எழுத மறந்துவிட்டேன், வெட்கம்தான் காரணம். பேன்ட்டின் லேபிளில் 34 என்று இருந்ததை நம்பி 34 வாங்கினேன். உள்பெல்ட்டையும் கட்டிக்கொண்டு அதன் மேல் அளவுநாடா வைத்தால் 37. பேன்ட் கம்பெனிக்காரர்கள் நம் மனம் நோகக் கூடாது என்று எண்ணை எழுதுகிறார்கள் போல. நீளமாக இருந்தால் நுனியை வெட்டிக்கொள்ளலாம், குட்டையாக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. தீபாவளிக்கு முன்பு அளந்தால் ஒரு அங்குலம் சேர்த்தே வாங்குங்கள்.

அந்த 34 பெல்ட் இன்னும் பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடக்கிறது. ஹூஸ்டன் பக்கம் ஒல்லியாக யாராவது புதிதாகத் தொடங்கினால் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்ளட்டும்.