இத்தா இருக்கிற ராத்தாவை கிளினிக் கூட்டிப்போகலாமா?

சாய்ந்தமருது தங்கச்சி:
அஸ்ஸலாமு அலைக்கும். ராத்தாவின் (அக்காவின்) மாப்பிள்ளை, எங்கள் மச்சான், ரஜப் மாதம் பிறை 12இல் மௌத்தானார் (இறந்தார்), ராத்தா இத்தாவில், அதாவது கணவர் மௌத்தானால் மனைவி இருக்க வேண்டிய காத்திருப்புக் காலத்தில், இருக்கிறா. அவவுக்கு சீனி வருத்தம், மாதாமாதம் கிளினிக் போகணும். வீட்டுக்கு வருகிற மாமிமார் ஆளுக்கொரு சட்டம் சொல்கிறார்கள்: வாசலைத் தாண்டக் கூடாதாம், வெள்ளைதான் உடுக்கணுமாம், கண்ணாடியை மூடணுமாம், போனில்கூட ஆம்பிளைகளோட கதைக்கக் கூடாதாம். அவ டீச்சர் வேறு. இத்தா நாட்களை எப்படி எண்ணுவது, இங்கிலீஷ் மாதமா பிறை மாதமா?

ஏறாவூர் நாநா:
வஅலைக்குமுஸ்ஸலாம். பிறைதான். குர்ஆனில் 2:234 நான்கு மாதமும் பத்து நாளும் என்கிறது, அதைப் பிறைக் கணக்கில் எடுத்தால் துல்கஃதா 12இல் நான்கு மாதம், மேலே பத்து, 22 அளவில் முடியும். பிறை 29, 30 என்று மாறுவதால் ஒரு நாள் முன்பின்னாகலாம், சந்தேகமாக இருந்தால் மௌத்தான நாளிலிருந்து முழுசாக 130 நாள் இருந்துவிடச் சொல்லுங்கள், அதைத் தாண்டி இல்லை. கிளினிக் தாராளமாகப் போகலாம். மருந்து, சாமான், வேறு ஆள் இல்லாத தேவை என்றால் பகலில் போய்விட்டு இரவுக்கு வீட்டுக்கு வந்துவிட வேண்டும், நாம பின்பற்றும் ஷாபி மத்ஹபிலும் (மார்க்கச் சட்ட வழியிலும்) அப்படித்தான். கண்ணாடிக்கும் இத்தாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒரு வருத்தக்காரியை இருட்டறையில் அடைத்து வைத்துவிட்டு அதைத் தீன் (மார்க்கம்) என்று சொல்வதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அக்கரைப்பற்று உம்மா:
நாநா சொல்வது சரி, ஆனாலும் ரொம்ப லேசாக்கிடவும் வேண்டாம். அத்தர், சுர்மா, மருதாணி, நகை, அலங்கார உடுப்பு எல்லாம் விடத்தான் வேண்டும், அது ஹதீஸில் உள்ளது. வெள்ளை கட்டாயமில்லை, பழைய சாதாரண உடுப்பு போதும், குளிக்கலாம், தலை வாரலாம். கல்யாண வீடு, சும்மா ஊர் சுற்றுவது வேண்டாம். ஆண்களோடு தேவைக்குக் கதைப்பதில் தடை இல்லை, மஹ்ரம் (மணமுடிக்கக் கூடாத நெருங்கிய உறவு) இல்லாதவர்களிடம் எப்போதும் உள்ள ஒழுங்குதான் இப்போதும்.

பாலமுனை மருமகள்:
இடையில் ஒன்று கேட்கிறேன், எங்கள் சாச்சியின் மகள் ஏழு மாசக் கர்ப்பிணி, மாப்பிள்ளை போன கிழமை மௌத்து. அவவுக்கும் இதே கணக்கா?

ஏறாவூர் நாநா:
இல்லை தங்கச்சி, கர்ப்பிணிக்குப் பிள்ளை பிறந்ததும் இத்தா முடிந்துவிடும், குர்ஆனில் 65:4 பாருங்கள். ஸுபைஆ என்ற பெண்ணுக்கு கணவர் மௌத்தாகி கொஞ்ச நாளிலேயே பிள்ளை கிடைத்தது, இனி விரும்பினால் மணக்கலாம் என்று நபியவர்கள் சொன்னார்கள். பிள்ளை பிந்தினால் இத்தாவும் பிந்தும்.

கல்முனை டீச்சர்:
லீவு பற்றி யாரும் சொல்லவில்லையே. இலங்கையில் அரச ஊழியரான முஸ்லிம் பெண்களுக்கு இத்தா லீவு இருக்கிறது, மரணச் சான்றிதழ் பிரதியோடு அதிபர் வழியாக வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். சான்றிதழ், பேங்க், பென்ஷன் வேலைக்கு அவவே கையெழுத்து வைக்க வேண்டி வந்தால் அதுவும் தேவைதான், முகம் சுளிக்க ஒன்றுமில்லை. இத்தா எங்கே இருப்பது என்று சில ஊர்களில் பெரிய சண்டை, நம்ம பக்கத்தில் வீடே பெண்ணுக்குச் சீதனமாக வருவதால் அந்தத் தலையிடி குறைவு. அப்புறம் சொத்து விஷயம்: மச்சானுக்குப் பிள்ளைகள் இருந்தால் கடன், வஸிய்யத் (மரண சாசனம்) போக மிச்சத்தில் அவவுக்கு எட்டில் ஒன்று, இல்லாவிட்டால் நாலில் ஒன்று. இத்தா முடியட்டும் பார்ப்போம் என்று அதை யாரும் இழுத்தடிக்க விடாதீர்கள்.

சாய்ந்தமருது தங்கச்சி:
ஜஸாக்கல்லாஹு ஹைரன். அடுத்த கிளினிக் செவ்வாய்க்கிழமை, த்ரீவீலுக்குச் சொல்லிட்டேன். மாமிமார் வந்தால் இதையே வாசித்துக் காட்டுகிறேன்.