கித்தாப்பால் கட்டியாவதை ‘உறைதல்’ என்று சொல்லலாமா? வகுப்பில் எழுந்த ஓர் ஐயம்

ஐந்தாம் ஆண்டு ஆசிரியை, பீடோங்

அனைவருக்கும் வணக்கம். கெடாவில் பீடோங் பட்டணத்தை ஒட்டிய ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். சென்ற வாரம் பொருளின் மூன்று நிலைகளை நடத்தி முடித்துவிட்டு, அடுத்த பாடத்துக்கு முன்னோட்டமாக வேதியியல் மாற்றத்தைப் பற்றியும் சிறிது பேசலாம் என்று எண்ணினேன். கரும்பலகையில் இரண்டு கட்டங்கள் வரைந்து, ஒன்றில் “பழைய நிலைக்குத் திரும்பும்: இயற்பியல் மாற்றம்” என்றும், மற்றொன்றில் “திரும்பாது: வேதியியல் மாற்றம்” என்றும் எழுதினேன். ஐஸ் கட்டி முதல் கட்டத்துக்கும், எரிந்த காகிதமும் துருப்பிடித்த ஆணியும் இரண்டாம் கட்டத்துக்கும் சிக்கலின்றிப் போய்ச் சேர்ந்தன.

அப்போது ஒரு மாணவன் எழுந்தான். எங்கள் வட்டாரத்தில் பெரும்பாலான தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டாலும், அவனுடைய தாத்தா இன்னும் சொந்தமாகச் சில ஏக்கர் கித்தா (ரப்பர்) மரங்களில் பால் வெட்டி வருகிறார். “டீச்சர், தாத்தா பாலில் ஆசிட் ஊற்றினால் அது கட்டியாகிவிடுகிறது. ஐஸ் பெட்டியில் வைக்கவே இல்லையே, பிறகு எப்படி உறைந்தது?” என்று கேட்டான். ஆசிட் ஊற்றுவதால் அது வேதியியல் மாற்றம்தான் என்று நான் சற்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். உடனே பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி, “அப்படியென்றால் அம்மா பாலை உறைய வைத்துத் தயிர் ஆக்குவது எந்தக் கட்டம்?” என்றாள். மணி அடித்ததால் தப்பித்தேன்.

வீட்டுக்கு வந்து யோசிக்க யோசிக்க, நான் சொன்ன பதில் சரிதானா என்ற ஐயம் கூடிக்கொண்டே போகிறது. கித்தாப்பால் கட்டியாவதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? அதை ‘உறைதல்’ என்று சொல்வது பொருந்துமா? பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளுக்குப் பொய் கலக்காமல் எப்படி விளக்குவது?

படிவம் நான்கு வேதியியல், தைப்பிங்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் மாணவன் கேட்டது, இடைநிலைப் பள்ளியில் படிவம் ஐந்து மாணவர்களையும் திணற வைக்கும் கேள்வி. முதலில், பாடநூலில் வரும் தண்ணீரைப்போலக் கித்தாப்பாலையும் ஒரு திரவம் என்று எடுத்துக்கொண்டால் வழி தவறிவிடுவோம். மரத்திலிருந்து வடியும் 100 கிராம் பாலில் ஏறக்குறைய 30 முதல் 40 கிராம் வரை ரப்பர் இருக்கிறது. மிச்சத்தில் பெரும்பங்கு தண்ணீர். அந்த ரப்பர் தண்ணீரில் கரைந்திருக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. ஒவ்வோர் உருண்டையின் மேலும் புரதமும் கொழுப்பு வகைப் பொருளும் சேர்ந்த மெல்லிய போர்வை இருக்கிறது. அந்தப் போர்வை எதிர்மின்னூட்டம் கொண்டது. எல்லா உருண்டைகளுக்கும் ஒரே வகை மின்னூட்டம் என்பதால், அவை நெருங்கும்போதெல்லாம் ஒன்றையொன்று தள்ளி விலக்கிக்கொள்கின்றன. பால் பாலாகவே நிற்பதற்குக் காரணம் இந்தத் தள்ளுமுள்ளுதான்.

புதிய பாலின் பிஎச் அளவு (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் கூடும்) 7-க்குப் பக்கத்தில் இருக்கும். பால் கட்டுவதற்குப் பயன்படும் ஆசிட்டான பார்மிக் அமிலத்தை ஊற்றி அதை 5-க்கும் கீழே இறக்கினால் போர்வையின் மின்னூட்டம் ஈடுசெய்யப்பட்டுவிடுகிறது. தள்ளும் விசை போனதும் உருண்டைகள் முட்டி, ஒட்டி, திரளுகின்றன. அதாவது, கட்டியாக வந்த ரப்பர் அமிலத்தால் புதிதாகப் பிறந்ததன்று. முன்பே பாலுக்குள் சிதறிக் கிடந்தது. தண்ணீர் முன்பும் திரவம், பின்பும் திரவம். கட்டியைப் பிழிந்தால் வெளியே ஓடி வரும் அந்த நீரே சாட்சி. ஆகவே இங்கே எந்தத் திரவமும் குளிர்ந்து திடமாகவில்லை; மூன்று நிலைகளின் பாடத்தில் வரும் உறைதல் இது அன்று.

உண்மையைச் சொன்னால், உங்கள் இரண்டு கட்டங்களில் எதிலும் இது ஒழுங்காக உட்காராது. போர்வையிலுள்ள புரதத்தோடு அமிலம் வினைபுரிகிறது. அந்த அளவில் வேதியியல் உண்டு. ஆனால் ரப்பர் மூலக்கூறு மாறவில்லை. ரப்பருக்கே நேரும் வேதியியல் மாற்றத்தைக் காட்ட விரும்பினால், கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கும் முறையைச் சொல்லுங்கள். சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டறிந்தது அது. நீண்ட ரப்பர் சங்கிலிகளுக்கு இடையே கந்தகம் பாலம் போட்டுவிடுவதால், வெயிலில் பிசுபிசுத்துப் போகாத, இழுத்து விட்டால் சட்டென்று பழைய அளவுக்கு மீளும் புதிய பொருள் கிடைக்கிறது. பிள்ளைகளின் கையில் ஒரு ரப்பர் வளையத்தையும் ஒரு துண்டுக் கட்டிப்பாலையும் கொடுத்து இழுக்கச் சொன்னால் வேறுபாடு விரலுக்கே தெரியும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். “திரும்பும், திரும்பாது” என்ற அளவுகோலைத் தயவு செய்து கைவிடுங்கள். கிழித்த காகிதம் திரும்பாது. ஆனால் அது காகிதம்தான். கைப்பேசியின் மின்கலத்தில் நடப்பது வேதியியல் மாற்றம். ஆனாலும் ஒவ்வோர் இரவும் மின்னேற்றித் திருப்பிவிடுகிறோம். “புதிய பொருள் உண்டானதா?” என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டால் போதும்.

தயிர் கேட்ட மாணவிக்கும் பதில் இதில் இருக்கிறது. உறைமோரில் உள்ள பாக்டீரியா பாலின் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது; இது ஐயத்துக்கு இடமில்லாத வேதியியல் மாற்றம். அந்த அமிலத்தால் பிஎச் அளவு 4.6 அளவுக்கு இறங்கும்போது பாலின் கேசின் என்னும் புரதம் திரளுகிறது. இது கித்தாப்பாலில் நடப்பதற்கு உடன்பிறப்பு. ஒரே சட்டியில் இரண்டு நிகழ்ச்சிகள்.

பழைய ஸ்டோர்க்காரர், கூலிம்

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். நான் அறிவியல் படித்தவன் அல்லன். தோட்டத்துப் பால் ஸ்டோரில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். தைப்பிங் சார் சொன்ன மின்னூட்டமெல்லாம் எங்களுக்குத் தெரியாது. ஆனால் ஒன்று சொல்வேன். எங்கள் காலத்தில் தீம்பாரிலும் (மரம் வெட்டும் இடத்திலும்) சரி, ஸ்டோரிலும் சரி, பால் ‘உறைந்தது’ என்று யாரும் சொன்னதில்லை. “பால் கட்டிப் போச்சு” என்றுதான் சொல்வோம். மரத்தில் பால் பிடிக்கும் மங்கில் தானாகக் கட்டியது கட்டிப்பால். பட்டையில் காய்ந்து ஒட்டியது ஒட்டுப்பால். சொல் எங்களிடம் தயாராக இருக்கும்போது பிள்ளைகளைக் குழப்புவானேன்?

வேலை எப்படி நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், வகுப்பில் பயன்படலாம். காண்டா வாளியில் வந்து சேரும் பாலைக் கம்பிச் சல்லடையில் வடிகட்டித் தொட்டியில் ஊற்றி, தண்ணீர் கலந்து நெகிழ்த்துவோம். பிறகு நீர்த்த ஆசிட்டை விட்டுக் கலக்கினால் மேலே நுரை பொங்கும். அந்த நுரையை வழித்து எடுக்காவிட்டால் ஷீட்டில் குமிழி விழும், தரம் குறையும், தோட்டத்துக் கணக்கரான கிராணியிடம் பேச்சு வாங்க வேண்டும். நுரையை எடுத்தவுடன் தகடுகளைச் செருகிவிட வேண்டும். தாமதித்தால் தகடு இறங்காது, பால் அதற்குள் பிடித்துக்கொள்ளும். மறுநாள் காலையில் தகட்டை உருவினால் தவ்ஃபூ என்னும் சோயாக் கட்டிபோல வழுவழுப்பாக, தொட்டால் ஆடும் பலகைகளாக நிற்கும். உருளையில் கொடுத்தால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு ஓடும். பலகை மெலிந்து ஷீட் ஆகும். அதன் பிறகுதான் ஷீட்டைப் புகையில் உலர்த்தும் புகைவீடு.

மழைக்கால ஈரத்திலும், பால் வந்து சேரத் தாமதமாகும் நாளிலும், ஆசிட் ஊற்றாமலே வாளியிலேயே கட்டத் தொடங்கிவிடும். அதைத் தடுக்க அமோனியாவைச் சில சொட்டு விடுவோம். ஆசிட் கட்ட வைக்கிறது, அமோனியா கட்டவிடாமல் பிடிக்கிறது. உங்கள் பிள்ளைகளுக்கு இதைவிட நேரான பாடம் எங்கே கிடைக்கும்?

ஓர் எச்சரிக்கை மட்டும். கடையில் விற்கும் கெட்டி ஆசிட்டை வகுப்புக்குள் கொண்டு வராதீர்கள். என்னோடு வேலை செய்த ஒருவர் கலன் மூடியைத் திறக்கும்போது புறங்கையில் தெறித்தது. தழும்பு கடைசி வரையில் போகவில்லை. சமையல் வினிகரோ எலுமிச்சைச் சாறோ போதும். நேரம் கொஞ்சம் கூடுதலாகும், அவ்வளவுதான். ரப்பர் கையுறை போட்டால் அரிப்பு எடுக்கும் பிள்ளை இருந்தால் அதைத் தள்ளி உட்கார வையுங்கள். பள்ளிச் சீருடையில் பால் பட்டால் அந்தக் கறை போகவே போகாது என்பதையும் தாய்மார்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மூன்று பிள்ளைகளின் தாய், சுங்கை பட்டாணி

ஐயா சொன்ன ‘கட்டுதல்’ நல்ல சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் ‘உறைதல்’ தவறு என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வந்துவிடக் கூடாது. பாலுக்கு உறை ஊற்றுகிறோம். இரத்தம் உறைகிறது என்கிறோம். இவையெல்லாம் நல்ல தமிழ். ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது என்பதை வெளிப்படையாகச் சொல்லிக்கொடுப்பதே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

இதைவிடப் பெரிய குழப்பம் ‘கரைதல்’ என்பதில் இருக்கிறது. என் கடைக்குட்டி “ஐஸ் கரைந்துவிட்டது” என்கிறான். “சீனி கரைந்துவிட்டது” என்றும் சொல்கிறான். முன்னது உருகுதல்; தனியாக வைத்தாலும் நடக்கும். பின்னதற்குத் தண்ணீர் வேண்டும். தீபாவளிக்கு அதிரசப் பாகு காய்ச்சும்போது அவனை அடுப்படியில் நிறுத்திக் காட்டினேன். சீனி கரைந்தது, தண்ணீர் ஆவியாகிப் பாகு இறுகியது. அதுவரை சீனி சீனிதான். கவனிக்காமல் விட்ட பாகு அடிப்பிடித்துப் பழுப்பாகி, கசப்பு வாடை வந்ததும், “இப்போது இது சீனியா?” என்று கேட்டேன். நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு “இல்லை” என்றான். பாகு வீணானது வேறு கதை.

உண்மையான உறைதலைக் காட்ட ஐஸ் ஒன்றையே நம்ப வேண்டியதும் இல்லை. நாம் சமையலுக்கு வாங்கும் செம்பனை எண்ணெய்ப் பொட்டலத்தைக் குளிர்பெட்டியில் ஓர் இரவு வைத்தால் கலங்கி வெண்மையாகக் கெட்டிப்படும். வெளியே எடுத்து வைத்தால் மறுபடியும் தெளியும்.

ஐந்தாம் ஆண்டு ஆசிரியை, பீடோங்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஒரு கவலை மட்டும் மீதி இருக்கிறது. 2021-இல் யுபிஎஸ்ஆர் என்னும் ஆறாம் ஆண்டுப் பொதுத் தேர்வு நீக்கப்பட்டாலும் ஆண்டிறுதித் தேர்வு இருக்கத்தான் செய்கிறது. “எந்தக் கட்டத்திலும் சேராது” என்று நான் கற்பித்து, பிள்ளைகள் அதையே விடைத்தாளில் எழுதி வைத்தால் மதிப்பெண் போய்விடுமே?

படிவம் நான்கு வேதியியல், தைப்பிங்

தேர்வுக்குத் தெளிவான எடுத்துக்காட்டுகளையே கொடுத்துப் பழக்குங்கள். கித்தாப்பாலைப் பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பொருளில் இரண்டு மாற்றங்களையும் காட்ட மெழுகுவத்தியைவிடச் சிறந்தது இல்லை. மைக்கேல் ஃபாரடே 1860-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டனில் சிறுவர்களுக்கு அதை மட்டுமே வைத்து ஆறு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். மெழுகு உருகுவது இயற்பியல் மாற்றம். எரிவது வேதியியல் மாற்றம். ஊதி அணைத்தவுடன் திரியிலிருந்து எழும் வெண்புகையில் தீக்குச்சியைக் காட்டினால், திரியைத் தொடாமலே தீ தாவிப் பற்றிக்கொள்ளும். எரிவது மெழுகின் ஆவி என்பதற்கு அதுவே போதும். காற்றாடியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். இல்லையென்றால் புகை கலைந்துவிடும்.

ஐந்தாம் ஆண்டு ஆசிரியை, பீடோங்

நேற்றும் இன்றும் செய்து பார்த்துவிட்டேன். மாணவனின் தாத்தா அமோனியா கலக்காத பாலை ஒரு போத்தலில் காலையிலேயே கொண்டு வந்து கொடுத்தார். இரண்டு கண்ணாடிக் குவளைகளில் சமமாக ஊற்றித் தண்ணீர் கலந்தோம். முதல் குவளையில் வினிகரை விட்டு, அந்த மாணவனையே கலக்கச் சொன்னேன். சிறிது நேரத்தில் கரண்டி கனக்கிறது என்றான். பிறகு கையை எடுத்தபோது கரண்டி சாயாமல் நின்றது. வகுப்பே எழுந்து வந்துவிட்டது. கட்டியை எடுத்துப் பிழிந்ததும் தெளிந்த நீர் வடிந்தது. “உறைந்தது என்றால் சூட்டில் உருக வேண்டும் அல்லவா?” என்று கேட்டு, ஒரு துண்டை வெந்நீரில் போட்டேன். பக்கத்தில் வைத்த ஐஸ் கட்டி காணாமல் போனது. கித்தாத் துண்டு அப்படியே கிடந்தது.

வினிகர் ஊற்றாத இரண்டாவது குவளையை மூடி அலமாரியில் வைத்திருந்தோம். இன்று காலையில் அதுவும் கட்டியிருந்தது. “இதற்கு யார் டீச்சர் ஆசிட் ஊற்றினார்கள்?” என்று அவன் கேட்க, நான் வாய் திறப்பதற்குள் தயிர் கேட்ட மாணவி, “உள்ளே இருக்கும் கிருமிதான் ஊற்றியது” என்றாள். கரும்பலகையில் இரண்டு கட்டங்களுக்கும் நடுவே மூன்றாவது கட்டம் ஒன்று வரைந்து, அதற்கு ‘கட்டுதல்’ என்று பெயர் எழுதியிருக்கிறோம். குவளையின் வாடை அடுத்த வகுப்பு வரை போய்விட்டதால், தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டபடி அதைச் சிற்றுண்டிச் சாலைக்குப் பின்புறம் கொண்டு போய் வைத்துவிட்டோம்.